மாலிக் காபூரின் தென்னகப் படையெடுப்பு: ஏடுகளும் கல்வெட்டுகளும்

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மூக்கு உடைந்த சிலையோ, கூரை சரிந்த மண்டபமோ காணப்படுமாயின், அதனை உடைத்தவன் யாரென வினவுவோர்க்கு ஊரார் தயங்காது கூறும் பெயர் ஒன்று உண்டு. மாலிக் காபூர் என்பதே அப்பெயர். அவன் வந்த நாளில் மதுரையில் அரசாண்ட பாண்டியன் யார் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. காஞ்சி அக்காலத்தில் யார் கையில் இருந்தது என்று கேட்டால் கற்றவரும் விழிப்பர். ஆயினும் தில்லியிலிருந்து வந்த அப்படைத்தலைவனின் பெயரை எழுத்தறியாதவரும் அறிவர். நம் அருளுரைகளிலும் அவன் இடம்பெறுவதுண்டு; பேராசைக்கு ஓர் எடுத்துக்காட்டாகவோ, மனிதர் கட்டியவை நிலையாமைக்கு ஒரு சான்றாகவோ அவனை நிறுத்தி விட்டு நாம் அடுத்த கருத்துக்குச் சென்றுவிடுகிறோம். ஆனால் கேட்டவர் அங்கேயே நின்றுவிடுகிறார். ஊர்ச்சாவடியில் சொல்லப்படும் வரலாறு, அடுத்த தெருவில் குடியிருக்கும் இஸ்லாமியர்மேல் சுமத்தப்படும் வழக்காக மாறுவதற்கு நெடுநேரம் ஆவதில்லை. ஆகவே அவன் செய்தது எது, அவன்மேல் ஏற்றிச் சொல்லப்படுவது எது என்று பிரித்தறிவது, பொய்ச்சாட்சி கூறாதிருக்கக் கட்டளை பெற்ற நமக்கு வெறும் கல்விப் பொழுதுபோக்கு அன்று.

முதலில் அம்மனிதனைப் பற்றிச் சில சொல்லவேண்டும். மாலிக் காபூர் பிறப்பால் இஸ்லாமியன் அல்லன். கி.பி. 1299இல் அலாவுத்தீன் கில்ஜியின் படை குசராத்தைக் கைப்பற்றியபோது, கம்பாயத்துத் துறைமுகத்தில் நுஸ்ரத் கான் என்னும் தளபதியால் கவர்ந்து கொண்டுவரப்பட்ட அடிமை அவன். ஆயிரம் தினார் விலை பெற்றவன் என்னும் பொருளில் "ஹசார் தினாரி" என்ற பட்டப்பெயர் அவனுக்கு வழங்கியது. அவன் அண்ணகன். எபிரேயத்தில் "சாரீஸ்" என்னும் ஒரே சொல் அண்ணகனையும் அரண்மனைப் பிரதானியையும் குறிப்பதை நம் மாணவர் அறிவர்; குடும்பமும் குலமும் அற்றவனே அரசனுக்கு முழுமையாக உரியவன் என்ற பழைய அரசியற் கணக்கு அச்சொல்லில் உறைந்து கிடக்கிறது. தில்லியிலும் அதே கணக்கே நடந்தது. துருக்கியப் பிரபுக்கள் தம் இனத்தாரையும் படையாட்களையும் கொண்டு சுல்தானுக்கே அறைகூவல் விடக்கூடியவர்கள். காபூருக்கோ சுல்தானின் தயவையன்றி வேறு வேர் இல்லை. 1306இல் மங்கோலியரை எதிர்த்த போரிலும், 1308ஐ ஒட்டித் தேவகிரி யாதவன் இராமச்சந்திரனை அடக்கிய படையெடுப்பிலும், 1309-10இல் வாரங்கல் முற்றுகையிலும் வெற்றி கண்டு, அரசின் துணைவன் என்னும் நாயிப் பதவிக்கு அவன் உயர்ந்தான்.

சுல்தான் எதற்காகத் தெற்கே படை அனுப்பினான்? சமயம் பரப்புவதற்கு என்பது எளிய விடை. அவையிலிருந்து எழுதிய ஏட்டாசிரியர்களும் அப்படித் தோன்றும்படியே எழுதினர். ஆனால் அலாவுத்தீனின் ஆட்சியை நோக்கின் வேறொரு காரணம் தலைதூக்குகிறது. 1299இலும் 1303இலும் மங்கோலியர் தில்லியின் வாயில் வரை வந்துவிட்டனர். அவர்களைத் தடுக்க நிலையான பெரும்படை வேண்டியிருந்தது. அப்படையின் குதிரைவீரனுக்கு ஆண்டுக்கு 234 தங்கா ஊதியம் என்று ஜியாவுத்தீன் பரணி குறிக்கிறார். அந்த ஊதியத்தில் வீரன் வாழ வேண்டுமென்பதற்காகவே தானியத்துக்கும் துணிக்கும் குதிரைக்கும் விலை வரையறுத்த சுல்தான் அவன். மேலும் தெற்கின் பொன்னைச் சுவைத்தவன். சிற்றப்பனின் கீழ் அலுவலனாக இருந்த நாளில், 1296இல், தேவகிரியைக் கொள்ளையிட்டு வந்த செல்வமே சிற்றப்பனைக் கொன்று அரியணை ஏற அவனுக்குத் துணை செய்தது. வாரங்கலுக்குக் காபூரை அனுப்பியபோது சுல்தான் கூறிய அறிவுரையைப் பரணி பதிவு செய்திருக்கிறார். பொருளும் யானையும் குதிரையும் பெற்று, ஆண்டுதோறும் திறை அனுப்ப அரசன் ஒப்புக்கொண்டால் அதனோடு அமைதல் வேண்டும். அரசனை நேரில் வரவழைக்க வற்புறுத்த வேண்டா என்பது அதன் சாரம். நாட்டைப் பிடித்து ஆளும் நோக்கமோ, மக்களைச் சமயம் மாற்றும் நோக்கமோ இதில் தெரியவில்லை. திறை வேண்டும், அவ்வளவே.

இனிப் பாண்டிய நாட்டைப் பார்ப்போம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268 முதல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆண்டவன். அவன் நாட்டு வளத்தை வெனிசு நகரத்து மார்க்கோ போலோ வியந்து எழுதினார். அந்நாட்டின் பெருங்குறை குதிரை. பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் காயல்பட்டினத்தில் இறங்கின. ஒரு குதிரையின் விலை 220 தினார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். வந்த குதிரைகள் வெப்பத்தாலும் பொருந்தா உணவாலும் மாண்டன. எனவே வாணிகம் ஓயவில்லை. இவ்வாணிகத்தைக் கீஷ் தீவைச் சேர்ந்த ஜமாலுத்தீன் என்பவர் நடத்தினார். அவர் குடும்பத்தைச் சேர்ந்த தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டியனின் அமைச்சராகவே விளங்கினார். இதனைச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். தில்லிப் படை தமிழகத்தில் நுழைவதற்கு முன்னரே இஸ்லாமியர் இங்கு இருந்தனர். அயலாராக அல்ல, அரசனின் அவையில் இருந்தனர்.

அதற்கும் முந்திய சான்று நம் திருச்சபை வரலாற்றிலேயே உண்டு. கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கப்பெற்ற செப்பேடுகளில், அப்பள்ளியின் உரிமைகளைக் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுக்களுக்கு அளிக்கப்பட்டது. அஞ்சுவண்ணம் என்பது மேற்காசிய வணிகரின் குழு; இஸ்லாமியரும் யூதரும் கிறிஸ்தவரும் பாரசீகரும் அவ்வட்டத்தில் கலந்திருந்தனர். அச்செப்பேட்டின் சாட்சிகள் குபிய எழுத்திலும், பகலவி எழுத்திலும், எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கின்றனர்.

குலசேகரனுக்குச் சுந்தர பாண்டியன், வீர பாண்டியன் என இரு மக்கள். பட்டத்தரசியின் மகனாகிய சுந்தரனை விடுத்து, வீர பாண்டியனைத் தந்தை முன்னிறுத்தினான் என்றும், சினங்கொண்ட சுந்தரன் 1310இல் தந்தையைக் கொன்றான் என்றும் வஸ்ஸாப் கூறுகிறார். பின்னர் உடன்பிறந்தார் போர் மூண்டது. தோல்வியுற்ற சுந்தரன் தில்லியின் அடைக்கலத்தை நாடினான் என்பதும் அவர் கூற்றே. போசள மன்னன் மூன்றாம் வல்லாளனோ இக்கலகத்தைப் பயன்படுத்திக்கொண்டு தமிழகத்தில் படையோடு நுழைந்திருந்தான். வீடு இரண்டுபட்டிருந்தது, அண்டை வீட்டானும் சுவரேறிக் குதித்திருந்தான். தில்லிப் படை வந்த நாளின் நிலை இது.

1310 நவம்பர் 18ஆம் நாள் காபூர் தில்லியிலிருந்து புறப்பட்டான். தேவகிரியில் இராமச்சந்திரன் படைக்கு வேண்டிய பொருள்களை அளித்து, தன் தளபதி ஒருவனையும் வழித்துணையாக ஏற்படுத்தினான். தென்னாட்டில் தன் பகைவனாகிய போசளன் வீழ்வதில் அவனுக்கு வருத்தமில்லை. 1311 பிப்ரவரியில் துவாரசமுத்திரம் முற்றுகையிடப்பட்டது. விரைந்து தலைநகர் மீண்ட வல்லாளன், நெடுநாள் போரிடாமல் பணிந்தான். மார்ச்சு 10ஆம் நாள் படை "மாபார்" நோக்கிப் புறப்பட்டது. தமிழகத்தின் கீழைக் கரைக்கு அரபியரும் பாரசீகரும் வழங்கிய பெயர் அது. வழிகாட்டியவன் வல்லாளனே. இந்து மன்னர் இருவரின் உதவியின்றி இப்படை காவிரியைக் கண்டிருக்க முடியாது என்பது மிகையன்று.

ஐந்து நாளில் எல்லையை அடைந்த படை, கணவாய்களைக் கடந்து காவிரிப் பக்கம் இறங்கியது. வீர பாண்டியன் தங்கியிருந்த ஊரை அமீர் குஸ்ராவ் "பீர்தூல்" என்று குறிக்கிறார். பாண்டியன் அங்கிருந்து கந்தூருக்கும், பின்னர்க் காட்டிற்கும் தப்பினான். கந்தூர் என்பது இன்றைய சமயபுரத்தை அடுத்த கண்ணனூர் எனக் கொள்வர். அப்போது பெருமழை பெய்து வழிகளெல்லாம் ஆறாயின. படை சேற்றில் சிக்கியது. பாண்டியனின் படையில் பணியாற்றிய இஸ்லாமியர் சிலர் காபூரிடம் சரணடைந்ததையும், கலிமாவை ஓத அறிந்தவர்கள் ஆதலால் அவர்கள் உயிர் தப்பியதையும் குஸ்ராவ் எழுதுகிறார். பாண்டியனுக்காக வாளேந்திய இஸ்லாமியர் இருந்தனர் என்பதற்குப் பகைவரின் ஏடே சான்றாகிறது.

பின்னர் நடந்தவற்றை மென்மையாக்கிச் சொல்லுதல் நேர்மையாகாது. "பிரமஸ்த்புரி" என்று குஸ்ராவ் பெயரிடும் ஊரில் பொன்வேய்ந்த கோயில் ஒன்று அடியோடு தோண்டப்பட்டது, இலிங்கங்கள் உடைக்கப்பட்டன, பூசகரும் மற்றவரும் வெட்டுண்டனர், 250 யானைகள் கவரப்பட்டன. இவ்வூர் சிதம்பரம் என்பது 1921இல் இப்பொருள் பற்றித் தனிநூல் எழுதிய எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்காரின் முடிபு. வேறு ஊர்களைச் சொல்வோரும் உளர். ஏப்ரல் மாதத்தில் மதுரையை அடைந்தபோது நகர் வெறுமையாயிருந்தது. சுந்தர பாண்டியன் அரசியரோடு வெளியேறிவிட்டான். சில யானைகளே கோயிலில் எஞ்சியிருந்தன. ஏமாற்றமடைந்த காபூர் கோயிலுக்குத் தீயிட்டான். ஏப்ரல் 24 அளவில் படை திரும்பியது. அக்டோபர் 18ஆம் நாள் தில்லி சேர்ந்தது.

நாட்களைக் கூட்டிப் பார்த்தால், மாலிக் காபூர் தமிழ் மண்ணில் இருந்தது ஏறத்தாழ ஆறு வாரமே. அவ்வாறு வாரத்தில் மாண்டவர்க்கு அது முழு வாழ்நாளின் முடிவு, அதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் தொண்டைநாடு முதல் இராமேசுவரம் வரை உடைந்த சிலைகள் அனைத்தையும் உடைத்து முடிப்பதற்கு, மழையில் சிக்கி, ஓடிய அரசனைத் தேடி, யானைகளை எண்ணிக்கொண்டு திரும்பிய ஒரு படைக்கு ஆறு வாரம் போதுமா என்று கேட்கலாம் அன்றோ? குஸ்ராவ் காட்டும் வழி, மைசூர் மேட்டு நிலத்திலிருந்து காவிரிக்கும் அங்கிருந்து மதுரைக்கும் செல்வது. உத்திரமேரூர் அவ்வழியில் இல்லை.

ஈண்டு ஏடுகளை வாசிக்கும் முறை பற்றிச் சிறிது கூறவேண்டும். நம் இறையியல் மாணவர்க்கு இது பழகிய பயிற்சியே. குஸ்ராவின் "கசாயினுல் புதூஹ்" என்னும் பாரசீக உரைநடை ஏடு 1311ஐ ஒட்டி எழுதப்பட்டது. அவர் அரசவைக் கவிஞர். ஒவ்வொரு பத்தியிலும் ஒரே உவமை வரிசையை விடாது கொண்டு செல்வது அவர் நடை. நீரைப் பற்றித் தொடங்கினால் வாளும் குருதியும் நீராகும், சதுரங்கம் என்றால் யானையும் அரசனும் காயாவர். கொல்லப்பட்டோர் தொகையும் இடிக்கப்பட்ட கோயிலும் அந்த அணிநடைக்குள்ளேயே வருகின்றன. சுல்தான் கேட்டு மகிழவேண்டும் என்பதே நோக்கம். அவர் கணக்கில் காபூர் கொணர்ந்தவை 512 யானைகள், 5,000 குதிரைகள், 500 மணங்கு மணிகள். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1357இல் தம் நூலை முடித்த பரணியின் கணக்கோ 612 யானைகள், 20,000 குதிரைகள், 96,000 மணங்கு பொன். யானை நூறு கூடியது. குதிரை நான்கு மடங்காயிற்று. காலம் செல்லச் செல்ல வெற்றியும் வளர்ந்தது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து எழுதிய பெரிஷ்டா, காபூர் சேதுக்கரை இராமேசுவரத்தில் பள்ளிவாசல் ஒன்று எழுப்பினான் என்ற செய்தியைச் சேர்க்கிறார். உடனிருந்த காலத்தில் எழுதிய குஸ்ராவின் உரைநடை ஏட்டில் அச்செய்தியே இல்லை; தம் தலைவனின் பெருமையை விட்டுவிடக்கூடியவர் அல்லர் அவர்.

சனகெரிபின் பட்டயத்தை எசேக்கியாவின் வரலாற்றோடு ஒப்பிட்டுப் படித்தவர்க்கு இது புதிதன்று. இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் என்கிறது. அசீரியப் பட்டயம் பொன்னில் ஒத்துப்போய் வெள்ளியை 800 தாலந்தாக உயர்த்துகிறது. சிறைபிடித்தோர் தொகையாக அது தரும் 2,00,150 என்ற எண்ணை அப்படியே ஏற்கும் ஆய்வாளர் அரியர். இன்னும் நெருங்கிய ஒப்புமை சீஷாக்கினுடையது. சாலொமோனின் நாடு ரெகொபெயாமுக்கும் யெரொபெயாமுக்கும் இடையே பிளவுண்ட ஐந்தாம் ஆண்டில் எகிப்திலிருந்து வந்தான், கர்த்தருடைய ஆலயத்தின் பொக்கிஷங்களையும் பொற்பரிசைகளையும் எடுத்துக்கொண்டான், திரும்பிச் சென்றான். கார்நாக்கில் அவன் வெட்டுவித்த ஊர்ப்பட்டியலில் இன்று எஞ்சியுள்ள பகுதியில் எருசலேம் காணப்படவில்லை. இழந்தவர் மறவாத ஊர், கவர்ந்தவனின் பட்டியலில் இல்லை. தமிழகத்திலோ நிலை தலைகீழ்: கவர்ந்தவனின் ஏட்டில் இல்லாத ஊர்களெல்லாம் நம் நினைவுப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

அஃது எவ்வாறு நேர்ந்தது? காபூருக்குப் பின் வந்தவர் பலர். 1318இல் தில்லியிலிருந்து குஸ்ரூ கான் என்பவன் மாபாருக்கு வந்தான். தன் சமயத்தார் தன்னைத் துன்புறுத்தார் என நம்பி ஓடாதிருந்த தகீ என்னும் இஸ்லாமியப் பெருவணிகரைக் கொள்ளையிட்டுக் கொன்றவன் அவன். 1323இல் உலுக் கான், அதாவது பின்னாளில் முகமது பின் துக்ளக் என்று பெயர் பெற்றவன், வாரங்கலை வீழ்த்தியபின் அவன் படை தெற்கே வந்தது. திருவரங்கத்துக் கோயிலொழுகு கண்ணீரோடு நினைவுகூரும் படுகொலையும், பிள்ளை உலகாசிரியர் அரங்கனின் திருமேனியை எடுத்துக்கொண்டு வெளியேறியதும் இப்படையெடுப்பைச் சார்ந்தவை. அரங்கன் மீண்டும் எழுந்தருளியது 1371இல், செஞ்சியிலிருந்த விசயநகர அதிகாரி கோபணனால். இடையில், 1335 அளவில் ஜலாலுத்தீன் அசன் ஷா தில்லிக்கு அடங்காது மதுரையில் தனியரசு நிறுவினான். அவ்வரசின் கொடுமைகளுக்குச் சாட்சி வேறெவரும் அல்லர்; இபின் பதூதா என்னும் மொராக்கோ நாட்டு இஸ்லாமிய நீதிபதி. சுல்தான் கியாசுத்தீன் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்ணால் கண்டு அருவருத்து, அதற்காகவே இறைவன் அவனுக்கு விரைவில் முடிவு தந்தான் என்று அவர் எழுதினார். போரில் பிடிபட்டுக் கொல்லப்பட்ட முதியவன் வல்லாளனின் தோல் வைக்கோல் அடைக்கப்பட்டு மதுரை மதிலில் தொங்கியதையும் அவர் கண்டார். காபூருக்கு வழிகாட்டிய அதே வல்லாளன்தான் அவன்.

நம் காஞ்சிப் பகுதியிலோ கதை இன்னும் நீள்கிறது. முகலாயப் படையின் அச்சத்தால் 1688ஐ ஒட்டி வரதராசப் பெருமாளின் திருமேனி உடையார்பாளையத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1710இல் திரும்பியதைக் கோயிற் கல்வெட்டே சொல்கிறது. காபூருக்கும் இதற்கும் இடையே 377 ஆண்டுகள். பின்னர் 18ஆம் நூற்றாண்டின் கருநாடகப் போர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் தமிழகத்தின் கோயில் மதில்களையே கோட்டையாகக் கொண்டு பீரங்கி வைத்துப் போரிட்டனர். அவர்கள் கிறிஸ்தவப் பெயர் தாங்கியவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. ஊர் நினைவு இவை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி, முதலில் வந்தவனின் பெயரை அதன்மேல் எழுதிவிட்டது.

இன்னொரு குழப்பம் சொல்லில் விளைந்தது. பழந்தமிழ் வழக்கில் கடல்வழி வந்த அரபு வணிகர் சோனகர். வடக்கிலிருந்து குதிரைமேல் வந்த படையினர் துலுக்கர். துருக்கர் என்னும் இனப்பெயரின் திரிபே துலுக்கர் என்பது. கல்வெட்டுகள் அப்படையினரைக் குறிக்கையில் அவர்தம் சமயத்தைக் கூறாது இனத்தையே கூறுகின்றன. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரில், துலுக்கர் தங்கியதால் கோயில் சீர்குலைந்ததையும் விசாலயதேவன் அதனை மீண்டும் நிலைநிறுத்தியதையும் கூறும் கல்வெட்டு உண்டு. அதனை வெட்டியவர்க்குத் துலுக்கர் என்பது ஒரு படையின் பெயர். நாளடைவில் சோனகர் என்ற சொல் பொதுவழக்கில் தேய, துலுக்கர் என்பது நெடுங்காலமாக இங்கேயே வாழ்ந்து தமிழே பேசுவோர்க்கும் இழிபெயராக ஒட்டிக்கொண்டது. ஆயர்கள் தம் பேச்சில் அச்சொல்லை ஒழித்தல் நன்று.

காபூரின் அதிகாரம் எவ்வளவு காலம் நின்றது? 1313இல் மீண்டும் தேவகிரிக்குச் சென்று அதனை ஆண்டான். சுல்தான் நோயுற்றபோது தில்லிக்கு அழைக்கப்பட்டான். 1316 சனவரியில் அலாவுத்தீன் இறக்கவே, ஆறு வயதுச் சிறுவன் ஒருவனை அரியணையில் அமர்த்தி, மூத்த இளவரசர் இருவரின் கண்களைப் பறிக்கச் செய்தான். மூன்றாம் இளவரசன் முபாரக்கின் கண்களையும் பறிக்கக் காவலரை அனுப்பினான். அவர்கள் இளவரசனின் சொல்லுக்கு இரங்கித் திரும்பி வந்து காபூரையே வெட்டினர். சுல்தான் இறந்து முப்பத்தைந்து நாள்களே ஆகியிருந்தன. வேர் இல்லாதவன் என்பதற்காக உயர்த்தப்பட்டவன், அதே காரணத்தால் தாங்குவாரின்றி வீழ்ந்தான்.

அப்படியாயின் 1311க்குப் பின் தமிழகம் யார் கையில் இருந்தது? இவ்வினாவிற்கு விடை காஞ்சியின் அருளாளப் பெருமாள் கோயிலில், அதாவது வரதராசர் கோயிலில், கல்லிலேயே கிடைக்கிறது. வேணாட்டு மன்னன் இரவிவர்மன் குலசேகரன், பாண்டியரின் தளர்ச்சியைக் கண்டு வடக்கே படை நடத்தி, இரு பாண்டியரையும் வென்று, தன் 46ஆம் வயதில் வேகவதி ஆற்றங்கரையில் முடிசூடிக்கொண்டான். 1312-13 அளவில் நிகழ்ந்தது அது. காபூர் அகன்று இரண்டாண்டும் நிரம்பவில்லை. காஞ்சியைப் பிடித்தவன் தில்லிச் சுல்தான் அல்லன். கொல்லத்திலிருந்து வந்த அரசன். அவனை விரட்டியவனும் பாண்டியன் அல்லன். காகதியப் பிரதாபருத்திரனின் தளபதி முப்பிடி நாயகன் 1316இல் காஞ்சியுள் நுழைந்து, மானவீரன் என்பவனை அதிகாரியாக அமர்த்தி, அதே கோயிலுக்குக் கொடை அளித்துக் கல்வெட்டும் பொறித்தான். தில்லியில் காபூர் வெட்டுண்ட ஆண்டும் அதுவே. ஐந்தாண்டில் மூவர் கை மாறிய ஊரின் நடுவில் அக்கோயில் கொடை பெற்றுக்கொண்டும், கல்வெட்டை ஏற்றுக்கொண்டும் இயங்கியிருக்கிறது. படையெடுப்பு விட்டுச்சென்றது தில்லியின் ஆட்சியை அன்று, ஒரு வெற்றிடத்தை. அதில் நுழைந்தவர் தென்னாட்டு மன்னரே. பின்னர்த் தொண்டைநாட்டில் சம்புவராயர் ஓங்கினர்; 1360களில் விசயநகரக் கம்பணன் அவர்களை அடக்கினான்.

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலைக் கல்வெட்டுகளைக் காட்டுவோர், இவ்வூராட்சி முறை அழிந்ததும் மாலிக் காபூராலேயே என்று சொல்லக் கேட்பதுண்டு. இதற்குச் சான்று ஏதும் இல்லை. சோழராட்சியின் பிற்பகுதியிலேயே, 12, 13ஆம் நூற்றாண்டுகளில், காடவரும் சம்புவராயரும் தெலுங்குச் சோடரும் ஆகிய குறுநிலத் தலைவர்கள் ஓங்கச் சபைகளின் அதிகாரம் சுருங்கலாயிற்று. அக்கோயில்களின் கல்வெட்டுகளோ பல அரச மரபுகளின் பெயரில் நூற்றாண்டுகள் நெடுகத் தொடர்கின்றன.

காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் கல்வெட்டு ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அக்கோயில் ஒரு காலத்தில் பூட்டப்பட்டு வழிபாடின்றிக் கிடந்தது. பாழடைந்த கோயில் என்றதும் நம் நாவில் எழும் பெயர் எதுவென்று சொல்லவேண்டியதில்லை. கம்பணனின் அதிகாரி கோப்பணங்கள் 1364-65 அளவில் அதனைத் திறக்கவும், அதன் ஊரை மீண்டும் அதற்கே அளிக்கவும் ஆணையிட்டான். முன்பு கோயிலை மூடி, நிலத்தை விற்று, மனையையும் சுற்றுப்புறத்தையும் ஆனையபதங்காவுடைய நாயனார் கோயிலுக்கு மாற்றிவிட்டது எக்காலத்தில் என்பதையும் அக்கல்வெட்டு மறைக்கவில்லை. குலோத்துங்க சோழ தேவர் காலத்தில் என்று அதில் வெட்டப்பட்டிருக்கிறது.